ரப்பருக்கு எண்ணெய் போட்டவள் சொல்லுவது

என் மகனுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வேலையையும் காத்துக்கொள்ளட்டும். பெரியமேட்டுக் கிடங்கில் வேலை நேரத்தில் இதைப் பிரித்திருந்தால் மடித்து உள்ளே வைத்துவிடு. அறைக்குப் போய், உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் வெளியே போன பிறகு படி. பெற்ற தாய் மகனுக்கு எழுதக் கூடாத காரியத்தை எழுதப் போகிறேன். எத்தனையோ தடவை உட்கார்ந்து, தேதியையும் ஆம்பூர் என்ற ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். இன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நீ ராணிப்பேட்டைக்குப் போய், சலோமியையும் குழந்தைகளையும் அவள் தாய் வீட்டிலிருந்து இங்கே அழைத்துவரப் போகிறாய். சின்னதுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் அவர்களைப் பட்டணத்துக்கே கூட்டிப் போய்விடுவதாகவும், பெரியமேட்டுக்குப் பக்கத்திலேயே சூளையில் ஒரு வீடு பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் வரவில்லை. பிரசவத்தில் சலோமி எவ்வளவு ரத்தம் இழந்தாள் என்பதை நீயே கண்ணால் பார்த்தாய். ஆனால் லீவு முடிந்து நீ வண்டி ஏறின மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை நீ கேட்கவில்லை. "இந்தப் பொண்ணோட ரத்தமும் இருதயமும் தேற மூணு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள இன்னொண்ணு உண்டாச்சுன்னா காப்பாத்திக் குடுப்பேன்னு நான் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டார். பட்டணத்துக்குப் போய்விட்டான் என்றேன். "அப்போ நீங்க சொல்லிடுங்க" என்றார். "சரிங்கம்மா" என்று தலையாட்டினேன். தலையாட்டி மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுதின எந்தக் கடிதத்திலும் அதை எழுதவில்லை. மழை பெய்ததை எழுதினேன், ஆடு குட்டி போட்டதை எழுதினேன். இதை எழுதவில்லை.

படித்ததும் கிழித்துப் போடு என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை. கல்யாணமான உன் சிநேகிதர்களுக்கும் காட்டு. அவர்கள் வீட்டுப் பெண்களும் படிக்கட்டும். சலோமியிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "எழுதுங்க அத்தை, என் பேரே இருந்தாலும் பரவாயில்ல" என்று பதில் எழுதினாள். அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு அந்த வயதில் இருந்திருந்தால் உன் அக்காள் ரூத்து இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். இதை ஏதோ துக்கத்தில் சொல்லுகிற பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. மேலே படி.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ரூத்து சிலேட்டில் எழுதுவதைப் பார்த்து, அடுப்புக்கரியால் தரையில் எழுதி எழுத்துப் பழகினேன். வேதப்புத்தகத்தை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வீட்டுச் செலவை எழுதும்போது உப்பு வாங்கின காலணா கூடத் தவறாது என்று உன் அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுவார். ஆனால் இந்த உடம்பு எத்தனை பிள்ளை தாங்கும் என்ற கணக்கை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பிள்ளை வருகிறது, ஆண்டவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். பால் குடிக்கிற பிள்ளை மடியில் இருக்கும் மட்டும் அடுத்தது தங்காது என்று மருத்துவச்சி சொன்னாள். அதை நம்பினேன். நீ மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே உன் தம்பி வயிற்றில் வந்துவிட்டான். பால் வற்றி, நீ விலா எலும்பு தெரிய அழுதுகொண்டே கிடந்தாய். உனக்குக் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஊற்றி உயிரைப் பிடித்து வைத்தோம். உன் தம்பி பிறந்து மண்ணுக்குப் போனான். முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூட நாள் இல்லை.

அதற்குப் பிறகு உன் அப்பா பயந்துபோய், "நான் மண்டியிலயே படுத்துக்கிறேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் தோல் பதனிடுகிற மண்டியில் எண்ணெய் போடுகிற பக்கத்துக்கு மேஸ்திரி என்பது உனக்குத் தெரிந்ததுதான். காவல்காரர் அவரைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, வூட்ல துரத்திட்டாங்களா? தோலுங்களுக்குக் கதை சொல்ல வந்தியா?" என்று தினமும் கேலி பண்ணினாராம். வாரம் முடிவதற்குள் பாயோடு திரும்பி வந்துவிட்டார். பாவம், அவரை நான் குற்றம் சொல்லவில்லை. வேறொரு வழியும் பார்த்தோம். ஆண் கடைசி நேரத்தில் தன்னை விலக்கிக்கொள்ளுகிற வழி. இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் அது போதும் என்று நம்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் எழுதுகிறேன். அது போதாது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் உயிர் அதை நம்பி இருக்கக் கூடாது.

அதற்குள் நீ வளர்ந்து, வேலூரில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். ரூத்து கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருந்தாள். அப்போது ஒரு டாக்டரம்மா வாரம் ஒரு நாள் ஆம்பூருக்கு வந்து போவார். இப்போது சலோமியைப் பார்த்தவர் அல்ல, வேறொருவர். என் கண்ணின் கீழிமையை இழுத்து, வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கர்ப்பம் தங்காமல் இருக்க ஒரு சாதனம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். மெல்லிய ரப்பரில் சின்னக் குல்லா மாதிரி செய்தது. விளிம்பில் வளையம் இருக்கும். பெண் தன் உடம்புக்குள்ளே பொருத்திக்கொள்ளவேண்டும். கர்ப்பப்பையின் வாயை அது மூடிக்கொள்ளும். அளவு பார்த்துக் கொடுத்தார். எப்படி வைப்பது, எப்படி எடுப்பது, எப்படிக் கழுவிப் பத்திரம் பண்ணுவது எல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு, எப்போது வெளியே ஓடுவோம் என்று உட்கார்ந்திருந்தேன். "புரிஞ்சுதாம்மா?" என்றார். "புரிஞ்சுதுங்க" என்றேன். மகனே, நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

சில நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. கழுவி, துடைத்து, அவர் கொடுத்த மாவைத் தூவி வைத்தேன். ஒரு சாயங்காலம் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்துவிட்டார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு.

"இன்னாமே இது?"

"அதான், டாக்டரம்மா குடுத்தது."

வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். தோல் பார்க்கிற மாதிரியே விரலால் கிள்ளினார், மடித்தார், முகர்ந்தார். "மாவு மாவா இருக்குதே. இப்படிக் காஞ்சி கெடந்தா மடிப்புல வெடிச்சுடும். கொஞ்சம் எண்ணெய் காட்டு. அப்புறம் பாரு, பத்து வருஷம் ஒழைக்கும்."

"எண்ணெய் போடச் சொல்லி அவுங்க ஒண்ணும் சொல்லலியே."

"அவுங்களுக்கு ஊசி மருந்து தெரியும். பதம் பத்தி இன்னா தெரியும்? நான் எத்தினி தோலைக் கையில புடிச்சிருக்கேன்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் தடவாவிட்டால் காய்ந்து வெடிக்கும் என்பது எங்கள் தெருவில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரியும். மண்டியில் போடுகிற புங்க எண்ணெய் நாறும் என்று நான் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டேன். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் கழுவின பிறகு மாவுக்குப் பதிலாக எண்ணெய். ரப்பர் வழுவழுப்பாக, மினுமினுப்பாக ஆயிற்று. "பாத்தியா, பதம் வந்துடுச்சு" என்றார் உன் அப்பா. அப்புறம் அது கொஞ்சம் தடித்து, விரலில் ஒட்ட ஆரம்பித்தது. நன்றாக எண்ணெய் குடித்திருக்கிறது என்று நினைத்தோம். அந்த வருஷமே நான் மறுபடியும் முழுகாமல் ஆனேன். உன் கடைசித் தங்கை. அவள் வந்ததற்கு நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. இப்போதும் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அதனால் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

வருந்தவேண்டியது அதற்குப் பிறகு நான் செய்தது. அப்போது ரூத்துக்கு மூன்று பிள்ளைகள். நான் பேரப்பிள்ளை எடுத்த பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போவேன். "தாயும் மகளும் ஒரே தொட்டில்ல போட்டு ஆட்டுங்க, கயிறு மிச்சம்" என்று ஒருத்தி சொல்லுவாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவித்தேன். வெள்ளிக்கிழமை ஸ்திரீகள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லுவோம், உனக்குத் தெரியும். தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்த காரியத்தை எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்லுவது. நான் எழுந்து நின்றேன். "டாக்டர் குடுத்த ரப்பரைப் போட்டு ஆண்டவருக்குக் கதவைச் சாத்தினேன். அவர் அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வந்து, என் வயித்துல உக்காந்து, நான் பெரியவரா நீ பெரியவளான்னு கேட்டார்" என்றேன். கூட்டமே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றது. குழாயடியில் என்னைக் கேலி செய்தவள் அழுதாள். என் வெட்கம் ஒரே நிமிஷத்தில் மகிமையாக மாறிவிட்டது. எனக்கு அது எவ்வளவு இனித்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அடுத்த கூட்டத்திலும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மாதனூரிலிருந்து வந்த பெண்கள் கேட்கவேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிற பெண்கள் குறைந்துபோனார்கள்.

முதல் தடவை நான் சொன்னபோது ரூத்து கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே டாக்டரம்மாவிடம் அதே மாதிரிச் சாதனம் வாங்கியிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆவலியே. உனக்குக் கதவைத் தொறந்த ஆண்டவர் எனக்கு ஏன் தொறக்கல?"

"உன்னைப் பொறுத்துக்கிட்டு இருக்கார். சோதிக்காதே."

"நான் டாக்டரம்மா சொன்ன மாதிரியேதான் செய்யறேன். மாவு போட்டு, காய வெச்சு..."

"அவுங்க சொன்ன மாதிரி செய்யறது பெருசா, ஆண்டவர் சொன்ன மாதிரி செய்யறது பெருசா? தூக்கிப் போடுடி."

மாவு போட்டு என்று அவள் வாய் திறந்து சொன்னாள், மகனே. அவளுடையது மாவு, என்னுடையது எண்ணெய். வித்தியாசம் என் கண் முன்னாலேயே நின்றது. கணக்கில் காலணா இடித்தால் விடமாட்டேன் என்று பேர் வாங்கினவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் சாட்சி போய்விடும். அவள் அதை மண்டிக்குப் பின்னால் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் போட்டுவிட்டாள். அதன் பிறகு ஒரு பிள்ளை. அது நடக்கத் தொடங்குவதற்குள் இன்னொன்று. அந்தக் கடைசியோடு அவளும் போனாள். நீ போர்டிங்கிலிருந்து ஓடி வந்து, சவப்பெட்டியைத் தூக்கும்போது, "இன்னாம்மா ஆச்சு அக்காளுக்கு?" என்று என்னைக் கேட்டாய். "ஆண்டவர் சித்தம்" என்றேன். அதையும் சாட்சி சொல்லுகிற குரலிலேயே சொன்னேன்.

இத்தனை வருஷமும் அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்தேன். வேலூரில் சலோமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று வரைக்கும். டாக்டரம்மா அந்தச் சாதனத்தையே கையில் வைத்துக்கொண்டு சலோமிக்கு விளக்க ஆரம்பித்தார். சம்பந்தியம்மா, "ஐயோ, இதெல்லாம் நம்ம காதால கேக்கற பேச்சா" என்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். போனவர் திரைக்குப் பின்னாலேயே நின்றார். அவர் கால் எங்களுக்குத் தெரிந்தது. "அங்கியே நின்னு கேட்டா சரியாக் கேக்காது, உள்ள வாங்கம்மா" என்று டாக்டரம்மா கூப்பிட, சலோமி வலியோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டரம்மா சொன்னார்: "ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. எண்ணெய், நெய், வேஸ்லின் எதுவும் இது மேல படக்கூடாது."

"தோலுக்குப் போடற மாதிரி, காயாம இருக்கக் கொஞ்சமா..." என்று நான் இழுத்தேன்.

"தோல் வேற, ரப்பர் வேற அம்மா. எண்ணெய் பட்டா தோல் பதமாகும். ரப்பரை எண்ணெய் தின்னுடும். ஊதிப்போய், பிசுபிசுன்னு ஆகி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்."

"நல்லெண்ணெய் கூடவா?"

"எந்த எண்ணெயும்தான். ஏன்மா, உங்களுக்கு இன்னா ஆச்சு?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவர் திறந்த கதவு என்று நான் ஊர் ஊராகச் சொன்னது, நானே எண்ணெய் ஊற்றி அரித்த ஓட்டை. என் வெட்கத்தை மூட அவர் பெயரைப் போர்வையாக எடுத்துக்கொண்டேன். அந்தப் போர்வைக்குள் என் மகள் மூச்சு முட்டிப் போனாள்.

அன்றைக்கு ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்தேன். டாக்டரம்மாவை விடவில்லை. முன்பு தரையைப் பார்த்தவள் அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்டதை உனக்குச் சொல்லுகிறேன். வெட்கப்பட்டுத் தாண்டிப் போகாதே. அந்த ரப்பரை ஒருத்தி வைத்திருந்ததை இன்னொருத்தி போடக் கூடாது. ஒருத்திக்கே, ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் அளவு மாறிவிடும். மறுபடியும் அளவு பார்க்கவேண்டும். அதனால்தான் மூன்று மாதம் கழித்துச் சலோமியை வரச் சொல்லியிருக்கிறார். அதோடு ஒரு குழம்பு மருந்தும் கொடுப்பார். ரப்பரின் உள்பக்கத்திலும் விளிம்பிலும் அதைத் தடவாமல் வைத்தால் பாதிக் காவல்தான். சேர்க்கைக்கு முன்பே வைக்கவேண்டும், முடிந்த கையோடு எடுத்துவிடக் கூடாது. மறுநாள் காலை வரைக்கும் உள்ளேயே இருக்கவேண்டும். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, மாவு தூவி, வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வைக்கவேண்டும். அடிக்கடி அதில் தண்ணீர் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு. 'இன்றைக்கு ஒரு நாள் பரவாயில்லை' என்கிற நாளில்தான் பிள்ளை உண்டாகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த நாளில் பரவாயில்லை என்று சொல்லுகிறது பெரும்பாலும் புருஷன்தானாம். சொல்லும்போது திரைப்பக்கம் பார்த்துச் சிரித்தார்.

உனக்கும் ஒன்று இருக்கிறது. ஆண்கள் போட்டுக்கொள்ளுகிற ரப்பர் உறை. பட்டணத்து மருந்துக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்களாம். நேரே போகக் கூச்சமாக இருந்தால் பணம் கட்டி வாங்குகிற வி.பி. தபாலிலும் வருமாம். அது சிப்பாய்களும் கெட்ட இடத்துக்குப் போகிறவர்களும் வாங்குவது என்று நீ நினைப்பாய். கடைக்காரன் உன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் செய்வான். பார்த்தால் பார்க்கட்டும். ஒரு பார்வைக்குப் பயந்து நான் காதை மூடிக்கொண்டதன் விலையை மேலே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், ஆரம்பத்திலிருந்தே போடவேண்டும். அதற்கும் எண்ணெய் ஆகாது. அவளுடையதும் உன்னுடையதும் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டரம்மா; ஒன்று தவறினால் மற்றது இருக்கும். அவள் உடம்புக்கு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்லுகிறேன்.

நாள் பார்த்து ஒதுங்குகிற வழியும் ஒன்று உண்டு என்று உன் சிநேகிதர்கள் சொல்லியிருப்பார்கள். மாதத்தின் நடுவில் பயமில்லை, தூரம் முடிந்து தலைக்கு ஊற்றின உடனேதான் பயம் என்று மருத்துவச்சிகள் சொல்லுவது தலைகீழாம். நடுவில்தான் பயம் அதிகம் என்று இப்போது கண்டிருக்கிறார்களாம். அதுவும் மாதம் தவறாமல் ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான். பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவளுக்கு எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தலைக்கு ஊற்றுவதற்கு முன்பேகூட உண்டாகிவிடலாம். உன் தம்பி அப்படி வந்தவன்தான். ஆகையால் சலோமி விஷயத்தில் அதை நம்பாதே. சந்தையில் பொட்டலம் கட்டி விற்கிற கலைப்பு மருந்தைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து வந்துவிடு. அதைத் தின்ற ஒருத்தியை நான் குளிப்பாட்டி, கோடித் துணி உடுத்தி அனுப்பியிருக்கிறேன். மூன்று வருஷம் ஆன பிறகு, போதும் என்று நீங்கள் இருவரும் நினைத்தால், ஆபரேஷன் செய்து நிறுத்திவிடவும் முடியுமாம். அது பிறகு பேசவேண்டியது.

இது பாவமா என்று நீ கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் நான் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொன்னவர் ஒரு பெண்ணின் உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டாம் என்று சொல்லுவாரா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போதகர் வேறு விதமாகச் சொன்னால் அவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள். ஆனால் சலோமியை வைத்துப் பரீட்சை பார்க்காதே.

உன் அப்பாவிடம் போன மாதம்தான் சொன்னேன். ரூத்தின் பெரிய பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, அவர்கள் வெளியே போன பிறகு சொன்னேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் கையிதானா?" என்றார். "உன் கையி இல்ல, என் வாயி" என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். பிற்பாடு வந்து, "புள்ளைக்கு எழுது. நான் சொன்னேன்னும் எழுது. வெட்கம் பாக்காதே, எல்லாத்தியும் எழுதிடு" என்றார். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் எழுந்து நின்று பழைய சாட்சி பொய் என்று சொன்னேன். இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "இத்தினி வருஷம் கழிச்சு இன்னாத்துக்கு இப்ப பேஜாரு?" என்றாள். அவளுக்கு ஒன்பது பிள்ளைகள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுகிற அன்று சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அத்தை, அவரு கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நல்லவனிடம் மாட்டேன் என்று சொல்லுவதுதான் பெண்களுக்குக் கஷ்டம். அதற்கு இப்போது ஒரு பதில் யோசித்து வைத்திருக்கிறேன். அவள் சொல்லவேண்டாம், நீ முந்திக்கொள். வாலாஜா ரோட்டில் நீங்கள் வண்டி ஏறினால் ஆம்பூருக்கு முன்னால் காட்பாடி வரும். இங்கே ஞானஸ்நானத்துக்கு ஜனம் கூடியிருக்கும், பட்டணம் போவதற்கு நாள் இருக்காது, இன்றைக்கு ஆகட்டும் நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போகும். அதனால் முதலில் ஆம்பூருக்கு வராதே. காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வேலூருக்குப் போய் டாக்டரம்மாவைப் பாருங்கள். அவள் உள்ளே போகும்போது நீயும் கூடப் போ. "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டால், புரியாததைப் புரியவில்லை என்று சொல்.

இதைச் சலோமிக்கும் எழுதிவிட்டேன். வண்டியில் நீயாகவே காட்பாடியில் இறங்கலாம் என்று சொன்னால், நீ இதைப் படித்து ஏற்றுக்கொண்டாய் என்று அவள் தெரிந்துகொள்வாள். அவள் ஞாபகப்படுத்த மாட்டாள். ஞாபகப்படுத்தக் கூடாது என்று நான்தான் சொன்னேன். நீ சொல்லாமல் இருந்துவிட்டால், அவள் என் பக்கத்தில்தான் படுப்பாள், பட்டணத்துக்கு அனுப்பமாட்டேன். உன் அப்பாவும் என் பக்கம்தான்.

நீங்கள் புறப்படுகிற அன்றைக்கு உச்சிவேளை வண்டிக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்து மாதக்கணக்காகிறது. கண் தேடத்தான் செய்யும். ஆனாலும் வண்டி நின்று, எல்லாரும் இறங்கி, பிளாட்பாரம் காலியாகி, அதில் நீங்கள் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் ஜெபித்துக்கொண்டு நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்